மருமகன் கேட்ட எல்.எஸ்.டி.



மத்ரஸாவில் பாடம் நடத்துபவன் காரின் கியர் பெட்டியைப் பற்றி எழுதுவது உங்களில் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். நம் வீட்டுப் பிள்ளைகளில் பலர் பட்டறைகளிலும் ஆலைகளிலும் நாள் முழுதும் இரும்போடு பழகுகிறார்கள். மாலையில் வீடு திரும்பி அவர்கள் பேசும் பேச்சில் பாதி நமக்கு விளங்குவதில்லை; விளங்காததை நாம் வீண் என்று ஒதுக்கிவிடுகிறோம். அப்படி ஒதுக்காமல் ஒரு மாத காலம் உட்கார்ந்து கேட்டதில் நான் அறிந்துகொண்டவற்றையே இங்கு எழுதுகிறேன்.

கோயம்புத்தூருக்கும் மோட்டார் பந்தயத்துக்கும் உள்ள தொடர்பு இன்று நேற்று ஏற்பட்டதன்று. செட்டிபாளையத்தில் உள்ள பந்தயத் தடம், இந்நாட்டில் பந்தயக் கார்களைக் கட்டிய முன்னோடியான கரிவரதனின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் இவ்வூரைச் சேர்ந்தவரே. என் தங்கை மகன் அந்த உயரத்தில் இருப்பவன் அல்லன். பம்பு ஆலையில் லேத் ஓட்டுகிறான், வயது 25. பழைய ஸ்விஃப்ட் கார் ஒன்று வைத்திருக்கிறான், 1.3 லிட்டர் பெட்ரோல். விடுமுறை நாட்களில் மண் திடலில் கூம்புகளை நட்டுப் பாதை வகுத்து, ஒவ்வொரு காராக ஓடவிட்டு நேரம் குறிக்கும் ஆட்டோகிராஸ் போட்டிகளில் கலந்துகொள்கிறான். காரோடு கார் மோதும் ஆட்டமன்று அது. கடிகாரத்தோடு மட்டுமே போட்டி.

ஒரு நாள் இஷாவுக்குப் பிறகு தங்கை தொலைபேசியில் அழுதாள். "அண்ணா, இவன் எல்.எஸ்.டி. வாங்கப் போறானாம். ஃபோன்ல பேசினத என் காதால கேட்டேன்" என்றாள். பத்திரிகையில் போதைப்பொருள் பற்றிய செய்திகளைப் படிப்பவள் அவள். நானும் ஒரு கணம் திகைத்துத்தான் போனேன். மறுநாள் அவனை அழைத்துக் கேட்டபோது, அவன் வாய்விட்டுச் சிரித்துவிட்டு, "மாமா, அது லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல். கியர் பாக்ஸ்க்கு உள்ள போடுறது" என்றான். தங்கையின் அச்சம் அத்தோடு தீர்ந்தது. ஆனால் கவலை தீரவில்லை. அவனது இளைய சகோதரியின் நிக்காஹ் ஷவ்வாலில் நடப்பதாக இருந்தது. அதற்கென 60,000 ரூபாய் தருவதாக அவன் சொல்லியிருந்தான். அவனது சேமிப்பு முழுவதும் 1,10,000 ரூபாய்தான். அவன் கேட்ட பொருளோ அதில் பெரும்பகுதியை விழுங்கக்கூடியது. நீங்களே அவனிடம் பேசிச் சொல்லுங்கள் என்று தங்கை என்னிடம் பொறுப்பை ஒப்படைத்தாள். ஒரு பொருள் இன்னதென்றே அறியாமல் அது வேண்டுமா வேண்டாமா என்று தீர்ப்புச் சொல்வது எனக்கு உடன்பாடானதன்று. ஆகவே முதலில் கற்றுக்கொள்ளத் தொடங்கினேன்.

மாணவர்கள் கைகோத்து வரிசையாக நடந்து ஒரு தெருமுனையில் திரும்புவதை நினைத்துப் பாருங்கள். உட்புறம் இருக்கும் சிறுவன் ஏறத்தாழ நின்ற இடத்திலேயே காலை மாற்றி வைக்கிறான். வெளிப்புறம் இருப்பவன் ஓடவேண்டியிருக்கிறது. காரின் இரு சக்கரங்களுக்கும் இதே நிலைதான். சக்கரங்களுக்கிடையே 1.4 மீட்டர் அகலம் இருந்தால், ஒரு செங்கோணத் திருப்பத்தில் வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிட ஏறத்தாழ 2.2 மீட்டர் கூடுதலாக உருளவேண்டும். இரண்டையும் ஒரே இரும்புத் தண்டில் இறுக்கிவிட்டால் ஏதேனும் ஒரு டயர் தேய்ந்து இழுபட்டே தீரும். இதற்குத் தீர்வாக அமைந்ததே டிஃபரன்ஷியல். 1820களின் பிற்பகுதியில், நீராவி வண்டிக்காக, ஒனெசிஃபோர் பெக்கூர் என்ற பிரெஞ்சுக் கடிகாரக் கலைஞர் இதற்குக் காப்புரிமை பெற்றார். நடுவில் இருக்கும் சிறு பினியன் பற்சக்கரங்கள் இரு பக்கத்துப் பற்சக்கரங்களையும் ஒரே அளவு விசையோடு தள்ளுகின்றன; வேகத்தை மட்டும் அவரவர் தேவைக்கேற்ப விட்டுவிடுகின்றன.

இந்தச் சம அளவுதான் பந்தயக்காரனுக்குத் தொல்லை. தோளில் தண்டு வைத்து இரு முனையிலும் குடம் தூக்குபவரைப் பாருங்கள். ஒரு முனைக் குடம் காலியானால் மறுமுனையில் நிறைகுடத்தை அவரால் சுமக்க இயலாது, தண்டு சாய்ந்துவிடும். டிஃபரன்ஷியலின் பினியனும் இத்தகைய தண்டே. வேகமாகத் திரும்பும்போது காரின் எடை வெளிப்புறம் சாய்கிறது. உட்சக்கரம் தரையை இலேசாக மட்டும் தொடுகிறது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தவுடன் அது பிடிப்பிழந்து வீணே சுழல்கிறது. உட்சக்கரத்தால் 100 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசையைத்தான் தாங்க இயலும், வெளிச்சக்கரம் 400 வரை தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். சாதாரண டிஃபரன்ஷியலில் இரண்டுக்கும் கிடைப்பது நூறு நூறு, ஆக 200. வெளிச்சக்கரத்தின் வலிமை அப்படியே கிடக்கிறது. மருமகன் தன் நண்பன் எடுத்த காணொளியைக் காட்டினான்: திருப்பத்தின் முடிவில் உட்புற முன்சக்கரம் புழுதியைக் கக்குகிறது, கார் நகரத் தயங்குகிறது.

இக்குறையை உணர்ந்தவர்கள் நெடுங்காலத்துக்கு முன்பே இருந்தார்கள். ஆட்டோ யூனியன் நிறுவனத்துக்காக ஃபெர்டினாண்ட் போர்ஷே வடிவமைத்த பந்தயக் காரின் பின்சக்கரங்களில் ஒன்று பெருவேகத்திலும் வீணே சுழன்றது. அதற்காக 1935-இல் இசட்.எஃப். என்ற ஜெர்மன் நிறுவனத்திடம் சறுக்கலைக் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியலைச் செய்து தருமாறு அவர் கேட்டார். அதன் பின் பல வகைகள் தோன்றின. ஒரு சிறிய காருக்கு, அதிலும் முன்சக்கரங்கள் இழுக்கும் காருக்கு, கருதத்தக்கவை இரண்டே.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பட்டறையில் இருந்த ஒரு தம்பி, "உள்ள வெல்டு அடிச்சுடலாம், ஆயிரம் ரூபாய்ல முடிஞ்சிடும்" என்றார். பற்சக்கரங்களைப் பற்றவைத்தால் இரு சக்கரங்களும் ஒரே தண்டாகிவிடும். திருப்பும் வேலையும் இழுக்கும் வேலையும் முன்சக்கரங்களுக்கே உரிய காரில் ஸ்டீயரிங் கல்லாகிவிடும், டிரைவ் ஷாஃப்டும் அதன் மூட்டும் உடையும். அதே காரில் தாயை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்பவன் செய்யக்கூடிய வேலையன்று. சிலிகான் திரவத்துக்குள் துளையிட்ட தகடுகள் சுழலும் விஸ்கஸ் வகை, திரவம் சூடேறிய பிறகே இறுகும். குறுகிய பாதையில் அதற்குள் திருப்பமே முடிந்துவிடும். சுழலும் சக்கரத்தை மட்டும் பிரேக்கால் பிடிக்கும் மின்னணு முறை புதிய கார்களில் உண்டு. இவனது காரில் அதற்கான ஏற்பாடே இல்லை.

இனி, அந்த இரண்டு.

முதலாவது தகடு வகை. டிஃபரன்ஷியலின் உள்ளே கிளட்சுத் தகடுகள் அடுக்கப்பட்டிருக்கும். இஞ்சின் விசை வரும்போது பினியன் தாங்கும் தண்டு, சாய்வாக வெட்டப்பட்ட இரு வளையங்களை அகற்றித் தள்ளும். வளையங்கள் தகடுகளை நெருக்கும். இரு சக்கரங்களும் ஓரளவு பிணைக்கப்படும். விசை வராதபோதும் வில்கள் தகடுகளைச் சற்று அழுத்தி வைத்திருக்கும். அதை முன்னழுத்தம் என்கிறார்கள். ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது மட்டும் இறுகுவது ஒருவழி. விடும்போதும் அதே அளவு இறுகுவது இருவழி. விடும்போது குறைவாக இறுகுவதை ஒன்றரை வழி என்று வேடிக்கையாகப் பெயரிட்டிருக்கிறார்கள். முன்சக்கரம் இழுக்கும் காரில் இருவழி வைத்தால், திருப்பத்துக்குள் நுழையும்போது கார் திரும்ப மறுத்து நேராகவே செல்லப் பார்க்கும். ஆகவே இங்கு ஒருவழி அல்லது ஒன்றரை வழியே பொருந்தும்.

இரண்டாவது, சாய்ந்த பற்களையுடைய பற்சக்கர வகை. இதில் தகடும் இல்லை, வில்லின் கட்டாயமும் இல்லை. அமெரிக்கரான வெர்னன் கிளீஸ்மன் 1958-இல் காப்புரிமை பெற்ற டார்சன் இக்குடும்பத்தின் மூத்தது. இங்கிலாந்தின் குவைஃப் நிறுவனம் செய்வது சிறிய கார்க்காரர்களிடையே பெயர் பெற்றது. விசை வரும்போது சாய்ந்த பற்கள் ஒன்றையொன்று பக்கவாட்டில் தள்ளி, தம் கூட்டின் சுவரில் உராய்கின்றன. அந்த உராய்வே விசையைப் பிடிப்புள்ள பக்கம் திருப்புகிறது. இரண்டரை மடங்கு விகிதம் கொண்ட ஒன்றை வைத்தால், முன்சொன்ன கணக்கில் உட்சக்கரம் 100 தாங்கும்போது வெளிச்சக்கரத்துக்கு 250 கிடைக்கும். ஆக 350. ஆக்ஸிலரேட்டரை விட்டவுடன் அது பெரும்பாலும் சாதாரண டிஃபரன்ஷியல் போலவே ஆகிவிடுவதால் ஸ்டீயரிங்கும் இலகுவாக இருக்கும்.

ஆனால் அது மடங்குக் கணக்கு என்பதை மறக்கக்கூடாது. உட்சக்கரம் தரையை விட்டே எழும்பிவிட்டால் அதன் பங்கு பூச்சியம். பூச்சியத்தின் இரண்டரை மடங்கும் பூச்சியமே. தகடு வகையில் அப்படியில்லை. முன்னழுத்தம் 60 இருந்தால், ஒரு சக்கரம் அந்தரத்தில் இருந்தாலும் மற்றதற்கு 60ஆவது கிடைக்கும். அதைப் பற்றிக்கொண்டு வளையங்களும் நெருக்கத் தொடங்கும். ஆகவே கேள்வி இப்படி ஆயிற்று: இவனது காரில் உட்புற முன்சக்கரம் எழும்புகிறதா, அல்லது இலேசாகிறதா? காணொளியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். எழும்பியது பின்சக்கரம். உட்புறப் பின்சக்கரம் ஒரு சாண் உயரத்தில் நிற்க, முன்சக்கரம் தரையைத் தொட்டுக்கொண்டேதான் சுழன்றது. முன்சக்கர இழுவைக் கார்களின் இயல்பு பெரும்பாலும் இதுதான் என்று மருமகன் சொன்னான். பள்ளத்தில் இறங்கி ஏறிய ஓரிடத்தில் மட்டும் முன்சக்கரம் நொடிப்பொழுது காற்றில் நின்றது. அப்போது இடக்காலால் பிரேக்கை இலேசாகத் தொட்டால் சுழலும் சக்கரத்துக்குச் சற்றுச் சுமை கிடைக்கும், டிஃபரன்ஷியலும் விழித்துக்கொள்ளும் என்பது அவர்களிடையே வழங்கும் உத்தி.

எண்ணெய் பற்றியும் சொல்லவேண்டும். விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை. பின்சக்கரம் இழுக்கும் பழைய வண்டிகளில் டிஃபரன்ஷியல் தனிக் கூட்டில், தன் எண்ணெயில் கிடக்கும். முன்சக்கர இழுவைச் சிறு கார்களில் கியர்களும் டிஃபரன்ஷியலும் ஒரே எண்ணெயில் முழுகியிருக்கும். 1959-இல் அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மினி காரில் இஞ்சினும்கூட அதே எண்ணெயைத்தான் பகிர்ந்துகொண்டது. தகடுகள் அதிராமல் வழுக்க, வழுவழுப்பூட்டும் கலவை சேர்த்த எண்ணெய் வேண்டும்; கியர் மாற்றும் சிங்க்ரோ வளையங்களுக்கோ அந்த வழுக்கல் ஆகாது. தகடு தேய்ந்த பொடியும் கியர்களுக்கிடையே சுற்றிவரும். பற்சக்கர வகைக்கு இந்தத் தொல்லை இல்லை. தேய்ந்த தகடுகளை மாற்றுவதற்காக அவ்வப்போது கியர் பெட்டியைப் பிரிக்கவேண்டியதும் இல்லை.

இவ்வளவும் தெரிந்த பிறகும் அவன் மனம் தகடு வகையின் பக்கமே சாய்ந்தது. காரணம் விலை. இதே வகைக் காரை வைத்திருந்த ஒருவர் பந்தயத்தை விட்டு விலகி, காரைப் பகுதி பகுதியாக விற்றுக்கொண்டிருந்தார். அவரிடம் ஒன்றரை வழித் தகடு வகை இருந்தது. 35,000 ரூபாய் கேட்டார். முன்னழுத்தம் 70 நியூட்டன் மீட்டர் என்றும் சொன்னார். நிக்காஹ் பணத்தையும் தொடவேண்டாம், பொருளும் கிடைத்துவிடும் என்று மருமகன் மகிழ்ந்தான். அளந்து பார்த்து வாங்கலாம் என்று நான் சொன்னேன். வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு இருவரும் சென்றோம். காரின் ஒரு முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மற்றதைத் தரையில் ஊன்றி, கியரை நியூட்ரலில் வைத்து, தூக்கிய சக்கரத்தின் நடு நட்டில் டார்க் ரெஞ்சை மாட்டித் திருப்பினான். எந்த அளவில் சக்கரம் அசையத் தொடங்குகிறதோ அதுவே ஏறத்தாழ முன்னழுத்தம். 18-இலேயே அசைந்துவிட்டது. இரண்டாம் முறையும் 18. தகடுகள் தேய்ந்துபோயிருந்தன. விற்றவர் பொய் சொன்னார் என்று நான் சொல்லமாட்டேன். புதிதாக வாங்கியபோது இருந்த அளவு அவர் நினைவில் தங்கியிருக்கலாம். விலையைக் குறைக்க அவர் முன்வந்தார். புதிய தகடுகளையும் கூலியையும் கூட்டினால் குறைத்த விலையும் இலாபமன்று என்று மருமகனே கணக்கிட்டு, ஸலாம் சொல்லி விடைபெற்றான். தேநீர் கொடுத்துத்தான் அனுப்பினார்.

திரும்பும் வழியில்தான் உண்மையான சிக்கலைச் சொன்னான். அவன் ஓடும் பிரிவில், கார் ஆலையிலிருந்து வந்தபடியே இருக்கவேண்டும். டிஃபரன்ஷியலை மாற்றக்கூடாது. மாற்றினால் மேல் பிரிவுக்குச் செல்லவேண்டும். அங்கு இஞ்சின், சஸ்பென்ஷன், எடை என எல்லாவற்றையும் மாற்றியமைத்த கார்கள் ஓடுகின்றன. இப்பிரிவில் அவன் மூன்றாம் இடம் வரை வந்திருக்கிறான். மேல் பிரிவில் கடைசி வரிசையில்தான் நிற்பான். நண்பர்கள் சொன்ன வழி வேறு. போட்டிக்கு முன் சோதிப்பவர்கள் செய்வது எளிய சோதனைதான்: இரு முன்சக்கரங்களையும் தூக்கி, ஒன்றைக் கையால் சுற்றுவார்கள். சாதாரண டிஃபரன்ஷியல் என்றால் மற்றது எதிர்த்திசையில் சுற்றும். முன்னழுத்தம் உள்ள தகடு வகை என்றால் இரண்டும் ஒரே திசையில் சுற்றி உடனே காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் முன்னழுத்தமில்லாத பற்சக்கர வகையும் சாதாரணமானதைப் போலவே எதிர்த்திசையில் சுற்றும். கியர் பெட்டியைப் பிரித்தாலன்றித் தெரியாது. "யாரு மாமா பிரிச்சுப் பார்க்கப் போறாங்க?" என்று தன் நண்பர்கள் கேட்டதை அவன் என்னிடம் அப்படியே சொன்னான். தானும் அதை யோசித்ததை அவன் மறைக்கவில்லை.

பந்தயத்தில் பிரிவுகள் வகுப்பது இக்காலத்துப் புதுமையன்று. நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் குதிரைப் பந்தயம் நடத்தியபோது, பயிற்சியளித்து உடல் இறுக்கப்பட்ட குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரையிலும், அவ்வாறு பயிற்றப்படாதவற்றுக்கு ஸனிய்யாவிலிருந்து பனூ ஸுரைக் மஸ்ஜித் வரையிலும் எனத் தனித்தனி எல்லை வைத்தார்கள். இப்னு உமர் (ரலி) அவர்கள் தாமே அதில் ஓடியவர்கள், அறிவித்தவர்களும் அவர்களே. பயிற்றிய குதிரையைப் பயிற்றாததன் வரிசையில் நிறுத்தினால் அந்த ஓட்டத்துக்கு என்ன பொருள் என்று மட்டும் மருமகனிடம் கேட்டேன். உக்கடம் வரும் வரை அவன் ஒன்றும் பேசவில்லை. பரிசுப் பணம் பற்றிய சட்டம் தனி விவாதம். அவன் ஓடும் போட்டியில் கோப்பை மட்டுமே தருகிறார்கள் என்பதால் அதற்குள் நான் இங்கு செல்லவில்லை.

என் கருத்தைக் கேட்டபோது மூன்று விஷயங்களைச் சொன்னேன். நிக்காஹ் பணத்தை முதலில் தங்கையிடம் கொடுத்துவிடு. கையில் இருந்தால் அது கரையும். தேய்ந்த டயர்களையும் முன்சக்கர மூட்டுகளையும் மாற்று. வெளிச்சக்கரத்துக்கு 100 சென்ற இடத்தில் இனி 250 செல்லப்போகிறது, பழைய மூட்டு தாங்காது. அதன் பிறகும் ஆசை இருந்தால் பற்சக்கர வகையை வாங்கி, மேல் பிரிவில் பெயர் கொடு. தங்கை இதை முழுமனதோடு ஏற்றாள் என்று சொல்லமுடியாது. "வாங்கவே வேண்டாம்னு சொல்லுவீங்கன்னு நினைச்சேன்" என்றாள். உழைத்துச் சம்பாதித்த பணம், கடமை முடிந்த பிறகு மிஞ்சியது, மூடப்பட்ட திடலில் தலைக்கவசத்தோடு ஓட்டுகிறான். நெடுஞ்சாலையில் நண்பர்களோடு பந்தயம் விடும் பிள்ளைகளைவிட இவன் எவ்வளவோ மேல் என்பது என் எண்ணம்.

அல்ஹம்துலில்லாஹ், நிக்காஹ் நல்லபடியாக முடிந்தது. அதன் பின் பணம் சேர எட்டு மாதங்கள் ஆயின. ஷாஃப்ட் நுழையும் பற்களின் எண்ணிக்கை, கிரவுன் வீல் போல்ட்டுகளின் இடைவெளி, பேரிங்கின் உட்குறுக்களவு ஆகிய மூன்றையும் தன் பழைய டிஃபரன்ஷியலில் வெர்னியரால் அளந்து எழுதி அனுப்பிய பிறகே வெளிநாட்டிலிருந்து வரவழைத்தான். அளந்து வேலை செய்யும் தொழில் அவனுக்கு இதில் கைகொடுத்தது. புதிய பேரிங்குகளுக்கு ஏற்ற ஷிம் தகட்டைத் தேர்ந்தெடுக்கவே ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. மூன்று முறை பிரித்துப் பூட்டினான்.

முதல் போட்டிக்கு நானும் சென்றிருந்தேன். விண்ணப்பப் படிவத்தில் மேல் பிரிவின் எதிரே குறியிட்டு, டிஃபரன்ஷியலின் வகையையும் அவனே எழுதிக்கொடுத்தான். திருப்பத்தின் முடிவில் ஸ்டீயரிங் கையில் துள்ளுவதாகவும், அதைக் கெட்டியாகப் பிடித்துப் பழகவேண்டும் என்றும் இறங்கியவுடன் சொன்னான். புழுதி முன்போல் ஒரு சக்கரத்திலிருந்து மட்டும் எழவில்லை. 14 பேரில் 11ஆம் இடம். மறு ஞாயிறு வீட்டு முற்றத்தில் காரைத் தூக்கி எண்ணெயை வடித்தான். காந்த போல்ட்டில் ஒட்டியிருந்த மெல்லிய சாம்பல் நிறப் பொடியைத் துணியில் தடவி வெளிச்சத்தில் பார்த்து, இது புதுப் பற்சக்கரங்கள் இழைந்துகொள்வது, பயமில்லை என்றான். வடித்த எண்ணெயைத் தன் உம்மாவின் கடலை எண்ணெய் டின்னில் ஊற்றி வைத்ததற்காக அவன் வாங்கிய திட்டு தனிக் கதை.